கத்தியில்லா கண் ஆபரேஷன்: 500 மோட்டார் பவர்... ஆனா சூடு இல்லை! லேசர் மெஷினுக்குள் நடப்பது என்ன?

"ஏனுங்க, கண்ணுல லேசர் அடிச்சா சுட்டுப்போடாதுங்களா?"

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்து கோவையில் ஏதாவது ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிற யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். நியாயமான சந்தேகமும்கூட. ஏன்னா, 'பிளேட் இல்லா லேசிக்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த மெஷினின் ஒரு துடிப்பு கண்ணைத் தொடும் கணத்தில் அதன் பவர் சுமார் 20 லட்சம் வாட். தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற 5 ஹெச்.பி மோட்டார் 500-க்கும் மேல் ஒரே சமயத்தில் ஓடினால் எவ்வளவோ, அவ்வளவு!

அத்தனையும் கருவிழிக்குள் போகிறது. ஆனால் பேஷன்ட் சிறிது நேரத்தில் எழுந்து, கூட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விடுகிறார். இது எப்படிச் சாத்தியம்?

இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. அதிக பவர் கொண்ட லேசர் துடிப்பு வேண்டும் என்றால் ஒரு காலத்தில் பெரிய ஹாலே தேவைப்பட்டது. இன்று அது ஆபரேஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் அடங்கி நிற்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில், மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே பாகத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஆம்ப்ளிஃபையர். திருவிழா ஸ்பீக்கருக்கு இருக்கிற அதே பெயர்தான். அது சத்தத்தைப் பெருக்கும். இது ஒளியைப் பெருக்கும்.

ஒரு 'ஃபெம்டோ நொடி' என்றால் எவ்வளவு?

தொல்காப்பியம் எழுத்தின் மாத்திரையை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு: கண் இமைப்பதும், விரல் நொடிப்பதும். மனிதருக்குத் தெரிந்த மிகச் சின்ன நேரம் அப்போது அதுதான். இந்த லேசர் விஷயத்தில் கண் இமைக்கும் நேரம் என்பது ஒரு யுகம்.

ஒரு நொடியை 10 கோடி கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு முறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் ஏறக்குறைய 3 கோடி கோடி ஃபெம்டோ நொடிகள் ஓடிவிடும். அவிநாசி சாலையில் 10.1 கி.மீ நீளத்துக்குப் போகிற ஜி.டி.நாயுடு மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நொடியில் 30,000-ல் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அதே ஒளி 500 ஃபெம்டோ நொடியில் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 0.15 மில்லிமீட்டர். இரண்டு தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம், அவ்வளவுதான்.

கண் ஆபரேஷன் லேசரின் ஒரு துடிப்பு நீடிப்பது ஏறக்குறைய இந்த 500 ஃபெம்டோ நொடி அளவுக்குத்தான். இதை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். ஒரு துடிப்பில் இருக்கும் ஆற்றல் 1 மைக்ரோ ஜூல் என்று வையுங்கள். அது ரொம்பச் சின்னது. பறக்கிற கொசு ஒன்றிரண்டின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய அவ்வளவு வரும். பவர் என்பது ஆற்றலை நேரத்தால் வகுப்பது. 1 மைக்ரோ ஜூலை 500 ஃபெம்டோ நொடியால் வகுத்தால் கிடைப்பது 20 லட்சம் வாட்.

இப்போ அதே கணக்கைத் திருப்பிப் பாருங்க. நொடிக்கு 1.5 லட்சம் துடிப்புகள் வந்தால்கூட, கண்ணுக்குள் போகும் மொத்த ஆற்றல் நொடிக்கு 0.15 ஜூல். அதாவது சராசரி பவர் 0.15 வாட். பெட்ரூமில் எரியும் குட்டி நைட் லேம்ப் இதைவிட அதிகம் இழுக்கும்.

கண் ஏன் சுடுவதில்லை என்பதற்கான விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. பவர் அதிகம், ஆற்றல் குறைவு. அந்தத் துடிப்பு லென்ஸ் வழியாகக் குவிகிற சில மைக்ரான் அகலப் புள்ளியில் மட்டும் திசு நேரடியாகப் பிளாஸ்மாவாக மாறிவிடுகிறது. ஒரு நுண்ணிய குமிழி வருகிறது. சூடு பக்கத்துக்குப் பரவ நேரம் கிடைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் புள்ளிக்கு மேலேயும் கீழேயும் ஒளி சும்மா கண்ணாடியைக் கடப்பது போலக் கடந்து போய்விடுகிறது. தபால் தலை ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கிழிக்கிற மாதிரி, இப்படி லட்சக்கணக்கான குமிழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அரை மில்லிமீட்டர் கனம்கூடப் பெரிதாகத் தாண்டாத கருவிழியில் 0.1 மி.மீ ஆழத்தில் ஒரு மெல்லிய மூடியைப் பிரித்தெடுத்துவிடலாம். முன்பு இந்த வேலையைச் செய்தது ஒரு சின்ன எந்திரக் கத்தி. 'பிளேட் இல்லா' என்பதன் அர்த்தம் இதுதான்.

பிரச்னை எங்கே வந்தது?

குட்டித் துடிப்பை உருவாக்குவது ஒரு வேலை. அதைப் பெருக்குவது வேறு வேலை. லேசர் பிறந்தது 1960-ல். அடுத்த சில ஆண்டுகளிலேயே பவர் மளமளவென்று ஏறியது. அப்புறம் பல வருஷம் ஒரே இடத்தில் நின்றுபோனது. காரணம், துடிப்பு ஓர் அளவுக்கு மேல் வலுவானால் அதைப் பெருக்குகிற படிகத்தையே அது உடைத்துவிடும். ஒளியின் தீவிரம் ஏறினால் கண்ணாடியே லென்ஸ் மாதிரி நடந்துகொண்டு ஒளியைத் தானாகவே ஒரு புள்ளிக்குக் குவிக்க ஆரம்பித்துவிடும். படிகத்துக்குள் கறுப்பாக ஒரு பொத்தல் விழும். லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்கிய படிகம் குப்பைக்குப் போகும்.

அப்போது தெரிந்த ஒரே வழி, ஒளிக்கற்றையைப் பெரிதாக விரித்து, பெரிய பெரிய கண்ணாடிப் பாளங்கள் வழியாக அனுப்புவது. அதனால்தான் லேசர் கட்டடங்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

1985-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் மூரூ என்ற பேராசிரியரும் அவரது ஆராய்ச்சி மாணவி டோனா ஸ்ட்ரிக்லாண்டும் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரேடாரில் ஏற்கெனவே இருந்த ஒரு யோசனையை ஒளிக்குக் கொண்டுவந்தார்கள்.

கோயில் வாசலை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பிரசாதம் வாங்க முட்டினால் கதவு உடையும். அதே ஆயிரம் பேரை நீளமான க்யூவில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் பெரிய பிரசாதப் பையைக் கொடுத்து அனுப்பி, வெளியே மைதானத்தில் மறுபடி ஒன்றாகக் கூட்டினால்? கதவுக்கு ஒன்றும் ஆகாது. கூட்டமும் பழையபடி சேர்ந்துவிடும், பிரசாதத்தோடு.

ஒளித் துடிப்புக்கும் இதையேதான் செய்கிறார்கள். ரொம்பக் குட்டியான துடிப்பில் ஒரே ஒரு நிறம் இருக்க முடியாது. பல அலைநீளங்கள் கலந்திருக்கும். கண்ணாடி வழியாகப் போகும்போது அலைநீளம் அதிகமானவை முன்னால் ஓடும், குறைவானவை பின்தங்கும். இப்படித் துடிப்பை ஆயிரக்கணக்கான மடங்கு நீட்டிவிட்டால் அதன் தீவிரம் அதே அளவுக்குக் குறைந்துவிடும். இப்போது படிகத்துக்குள் அனுப்பிப் பயமில்லாமல் பெருக்கலாம். கடைசியில் நுண்கோடுகள் கீறிய 'கிரேட்டிங்' தகடுகளில் பட்டுத் தெறிக்கவிட்டு, முன்னால் ஓடியவற்றைச் சுற்றுப்பாதையில் தாமதப்படுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஒன்றுசேர்த்துவிடலாம். நீட்டு, பெருக்கு, சுருக்கு. மூன்றே வார்த்தை.

முதல் சோதனையில் துடிப்பை நீட்டுவதற்கு ஸ்ட்ரிக்லாண்ட் பயன்படுத்தியது 1.4 கி.மீ நீள ஆப்டிகல் ஃபைபர். அது அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை. அதே வேலைக்கு 33 ஆண்டுகள் கழித்து, 2018-ல், இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. 1903-ல் மேரி கியூரி, 1963-ல் மரியா கோப்பர்ட் மேயர், அதன் பிறகு இயற்பியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லாண்ட்தான்.

லேப் விபத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு

இந்த லேசர் கண் சிகிச்சைக்கு வந்த கதை கொஞ்சம் திகிலானது. மூரூ பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். 1993-ல் அந்த மையத்தில் லேசரைச் சரிசெய்துகொண்டிருந்த மாணவர் ஒருவரின் கண்ணில் ஒளிக்கற்றை தவறிப் பட்டுவிட்டது. பதறிப்போய் பக்கத்தில் இருந்த கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, பார்வைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. பரிசோதித்த இளம் டாக்டர் ரான் கர்ட்ஸ் வேறு ஒன்றைக் கவனித்தார். காயம் அத்தனை துல்லியமாக இருந்தது! சுற்றிலும் எதுவும் கருகவில்லை. 'இது என்ன லேசர்?' என்று விசாரிக்கப் போனவர், டிபோர் யுஹாஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். 1997-ல் இருவரும் இன்ட்ராலேஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கண்ணுக்கான ஃபெம்டோ லேசர் அங்கிருந்துதான் கிளம்பியது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. வழக்கமான பிளேட் இல்லா லேசிக்கில் இரண்டு லேசர் வேலை செய்கிறது. மூடியைப் பிரிப்பது ஃபெம்டோ. மூடிக்கு அடியில் கருவிழியைச் செதுக்கி 'பவரை' சரிசெய்வது எக்ஸைமர் என்ற புற ஊதா லேசர். அந்த இரண்டாவது லேசருக்குப் பின்னால் இருப்பவர் சென்னையில் பிறந்தவர்! 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், விருந்தில் மீந்துபோன வான்கோழித் துண்டை லேப்புக்குக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரை அதன்மேல் அடித்துப் பார்த்தார். கருகாமல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரோடு சேர்ந்து அவர் செய்த அந்த வேலைக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. அதை வழங்கியவர் அதிபர் ஒபாமா. வான்கோழி கதை தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

'ஸ்மைல்' என்ற புதிய முறையில் எக்ஸைமர் தேவையில்லை. மூடியும் இல்லை. ஃபெம்டோ லேசரே கருவிழிக்குள் லென்ஸ் போல ஒரு மெல்லிய வில்லையைப் பிரித்துவிடும். சின்னத் துளை வழியாக டாக்டர் அதை உருவி எடுத்துவிடுவார்.

கத்தி இல்லை என்பதால் ரிஸ்க்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 18 வயது முடியாதவர்கள், கண்ணாடி பவர் இன்னும் மாறிக்கொண்டே இருப்பவர்கள், கருவிழி ரொம்ப மெல்லிசாக இருப்பவர்கள், கருவிழி கூம்பு மாதிரி பிதுங்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் இதைத் தவிர்க்கவே சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்கள் கண் வறட்சி வருவது சகஜம். முன்பரிசோதனை முழுசாகச் செய்யாமல் தேதி கொடுக்கும் இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

ஹால் எப்படிப் பெட்டி ஆனது?

நீட்டு, பெருக்கு, சுருக்கு என்று ஃபார்முலா கிடைத்தவுடன் மெஷின் சின்னதாகிவிடவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் பெயர்பெற்ற டைட்டானியம் சஃபையர் படிகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சக்தி கொடுக்க 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒன்று தனியாக வேண்டும். அதாவது லேசரை ஓட்ட இன்னொரு லேசர். அது கொடுக்கும் ஒளி 800 நானோமீட்டர் அளவில் வெளியே வரும். இந்த வித்தியாசத்திலேயே மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் சூடாகப் போய்விடும். சூடு என்றால் சில்லர், தண்ணீர்க் குழாய், பம்ப், பெரிய மேஜை... இடம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆட்டத்தை மாற்றியது இட்டெர்பியம் என்ற தனிமம். இதற்கு 976 நானோமீட்டரில் சக்தி கொடுத்தால் 1030 நானோமீட்டரில் ஒளி வரும். அடிப்படை இழப்பு 5 சதவீதம்தான். அதோடு, பச்சை லேசர் தேவையில்லை. டெலிகாம் துறையால் மலிவான டயோடு வகையே போதும்.

அடுத்தது வடிவம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வேகவைத்துக் குவியலாக விட்டால் உள்ளே சூடு அப்படியே நிற்கும். களத்தில் மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். லேசருக்கும் அதே கதை. கட்டையான படிகத்துக்குப் பதில், அதையே முடிபோல நீளமான ஃபைபராக இழுத்தால் சூடு வெளியேறப் பரப்பு நிறையக் கிடைக்கிறது. ஃபைபரைச் சுருட்டியும் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி, ஸ்டாண்ட் என்று தினமும் சரிசெய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே ஆபரேஷனுக்கு முன்னால் லேசர் ஆராய்ச்சியாளர் வந்து ஸ்க்ரூ திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் பிடுங்கிக்கொள்கிறது இயற்பியல். ஃபைபரின் நடுப்பகுதி மிக மெல்லியது. ஒளி அதற்குள் நெருக்கியடித்துப் போகும்போது, 1985-க்கு முன்பிருந்த அதே தொல்லை மறுபடி தலைதூக்கும். தப்பிக்க வேண்டுமானால் துடிப்பை இன்னும் அதிகமாக நீட்ட வேண்டும். அதிகம் நீட்டினால் திரும்பச் சுருக்குகிற கிரேட்டிங் தகடுகளை மீட்டர் கணக்கில் தள்ளி வைக்க வேண்டும். பெட்டி மறுபடி பெரிதாகும்! சின்னதாகவும் வேண்டும், பவரும் வேண்டும் என்கிற இழுபறியின் மையமே இந்த இடம்தான்.

இதற்கு ஒரு அழகான தீர்வு, கண்ணாடிக் கட்டிக்குள்ளேயே அடுக்கடுக்காகக் கோடுகளைப் பதித்துவிடுவது. ஓர் அலைநீளம் முன்பக்கத்திலேயே திரும்பிவிடும். இன்னொன்று கடைசிவரை போய்த் திரும்பும். ஒளி 1 செ.மீ கண்ணாடிக்குள் போய்த் திரும்ப 100 பிகோ நொடி, அதாவது ஒரு லட்சம் ஃபெம்டோ நொடி ஆகும். மீட்டர் நீள ஏற்பாடு செய்ததைச் சில செ.மீ கட்டி செய்துவிடுகிறது. நடுப்பகுதி அகலமான தனிரக ஃபைபர்கள் இன்னொரு தீர்வு.

மூன்றாவது தீர்வு கோனியம்மன் தேர் மாதிரி. ஒரு ஆள் இழுத்தால் தேர் நகராது. எல்லோரும் ஒரே தாளத்தில் வடம் பிடித்தால் நகரும். ஒரே துடிப்பைப் பல ஃபைபர்களில் பிரித்து அனுப்பி, தனித்தனியே பெருக்கி, அலை அலையோடு பொருந்தும்படி ஒன்றுசேர்க்கிறார்கள். ஜெர்மனியின் ஜேனா நகர ஆய்வாளர்கள் 12 ஃபைபர் ஆம்ப்ளிஃபையர்களை இப்படிக் கோத்து 2020-ல் 10.4 கிலோவாட் சராசரி பவரைத் தொட்டார்கள். தாளம் கொஞ்சம் பிசகினாலும் பவர் சிதறிவிடும் என்பதுதான் இதில் கஷ்டம்.

கண் மெஷின்களில் இந்த முன்னேற்றத்தை ஒரே கணக்கில் பார்க்கலாம். இன்ட்ராலேஸின் ஆரம்ப கால மாடல் நொடிக்கு 15,000 துடிப்பு கொடுத்தது. பிறகு 60,000, 1.5 லட்சம். ஜெர்மனியின் ஸெய்ஸ் கம்பெனி விசுமேக்ஸ் 5 லட்சம் கொடுத்தது. அதன் புதிய மாடல் 20 லட்சம். துடிப்பு கூடக் கூட, ஒவ்வொரு துடிப்புக்கும் தேவையான ஆற்றல் குறைகிறது, வெட்டு மழமழப்பாகிறது, பேஷன்ட் கண்ணை அசைக்காமல் படுத்திருக்க வேண்டிய நேரமும் சுருங்குகிறது.

கோவைக்கு இதில் என்ன வேலை?

இந்தியாவில் இந்த வகை லேசர்களைப் பெரிய அளவில் வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் 100 டெராவாட் லேசர் இருக்கிறது. இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தில் 150 டெராவாட். நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறனே சுமார் 0.5 டெராவாட் என்பதோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். ஆனால் அதுவும் சில பத்து ஃபெம்டோ நொடிக்குத்தான். இவை அடிப்படை அறிவியலுக்கான பெரிய கருவிகள். ஆஸ்பத்திரிக்கும் ஃபேக்டரிக்குமான சின்னப் பெட்டி வேறு சங்கதி. நம் ஊர் கண் மருத்துவமனைகளில் இருக்கும் ஃபெம்டோ மெஷின்கள் பெரும்பாலும் ஜெர்மனி, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து கம்பெனிகளுடையவை. மெஷினும் வெளியிலிருந்து, பழுதானால் பாகமும் வெளியிலிருந்து. பேஷன்ட் கையில் வரும் பில்லில் அதுவும் சேர்ந்தேதான் வருகிறது.

ஃபேக்டரி பக்கமும் இது தள்ளிவைக்க முடியாத விஷயம். டீசல் இன்ஜெக்டர் மூக்கில் மிக மெல்லிய துளைகள் போட வேண்டும். ஓரத்தில் பிசிறே இருக்கக் கூடாது. சாதா லேசர் உலோகத்தை உருக்கித் துளைக்கும், பிசிறு நிற்கும். ஃபெம்டோ, பிகோ நொடித் துடிப்பு உருக நேரம் கொடுக்காமல் ஆவியாக்கிவிடும். இதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்ததற்காக போஷ், ட்ரம்ப்ஃப், ஜேனா பல்கலைக்கழகக் குழுவுக்கு 2013-ல் ஜெர்மனியின் எதிர்காலப் பரிசு கிடைத்தது. வாகன உதிரிபாகமும் பம்பும் செய்து பிழைக்கிற கோவை, ஒசூர் பட்டறைகளுக்கு இதே தரத்தை வெளிநாட்டு ஆர்டர் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை.

அப்படியானால் இங்கேயே செய்ய முடியுமா? பெட்டிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் பதில் பாதிப் பாதிதான். மைக்ரான் அளவுக்கு அசையாத மவுன்ட், அலுமினியக் கூடு, சில்லர், குட்டி பம்ப், கன்ட்ரோல் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கோவைப் பட்டறைக்குப் புதிது அல்ல. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. ஷேவிங் செய்ய மெல்லிய பிளேடு செய்து காட்டியவரும் இதே ஜி.டி.நாயுடுதான். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் கோவையும் ஒன்று. கொடிசியா அதற்காகவே ஒரு புத்தாக்க மையம் நடத்துகிறது. சிக்கல் மீதிப் பாதியில்தான்: இட்டெர்பியம் ஃபைபர், உயர்திறன் டயோடு, கிரேட்டிங், பவரைத் தாங்கும் பூச்சு போட்ட கண்ணாடிகள். மெஷினின் விலையும் ரகசியமும் அங்கேதான் குவிந்திருக்கிறது. மவுன்ட் செய்து கொடுப்பதோடு நின்றால் சப் கான்ட்ராக்ட்தான் மிஞ்சும்.

கண் மருத்துவத்தில் தமிழ்நாடு இந்தச் சுவரை ஒரு முறை தாண்டியிருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்கு வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் இறக்குமதிச் சரக்கு. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-ல் அரவிந்த் குழுமம் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அதை உள்ளூரிலேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலை சில டாலருக்கு இறங்கியது. லென்ஸைவிட லேசர் ஆம்ப்ளிஃபையர் பல மடங்கு சிக்கலானது. ஒரு கம்பெனி தனியாகச் செய்து முடிக்கிற வேலை இல்லை. மும்பை, இந்தூர் லேப்களில் இந்தப் படிகங்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி அனுபவம் பெற்றவர்களும், மைக்ரானில் கடைசல் பிடிக்கத் தெரிந்த கோவைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும்.